‘காஞ்சனை’க் கதைகள்: அச்சமும் அதன் சமூகத் தளமும்

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ என்னும் சிறுகதைத் தொகுதி 1943 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு அவர் எழுதிய முன்னுரை, தமக்கோ தம் கதைகளுக்கோ உலகத்தைக் கடைத்தேற்றும் எண்ணம் எதுவுமில்லை என்று முகத்திலடித்தாற்போல் கூறுவது. தம் கதைகளின் பொதுக்குணம் நம்பிக்கை வறட்சி என்றும் அவரே சொல்லிக்கொண்டதுண்டு. எழுத்தாளன் தன்மீது தானே ஒட்டிக்கொள்ளும் முத்திரை விமரிசகனுக்கு மிக வசதியானது. அதனைச் சரிபார்க்கும் சிரமம் அவனுக்கு இல்லாது போய்விடுகின்றது. முற்போக்கு இலக்கிய அணியைச் சார்ந்த எம்மிடையே ‘காஞ்சனை’க்கு நேர்ந்ததும் இதுவே. ‘பொன்னகரம்’ எழுதிய கை பின்னர் பேய்க்கதைக்குத் தாழ்ந்தது என்ற ஒற்றை வரிக்குள் இத்தொகுதி அடக்கப்பட்டது. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் மாணவர்களிடம் பயின்ற தலைமுறையினர் நாம். ஆசான்கள் நுணுகி ஆராய்ந்து கூறியவற்றை நாமே வாய்பாடாகச் சுருக்கி, விரிவுரை மண்டபங்களில் ஒப்புவித்தோம் என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000 ஆம் ஆண்டில் கதைகள் முழுவதையும் கால அடைவோடு பதிப்பித்த பின்னராவது இவ்வாய்பாட்டைத் திருத்திக்கொள்ள வாய்ப்பிருந்தது. நாம் திருத்திக்கொள்ளவில்லை.

எம்மைத் திருத்தியது நல்லதண்ணி. மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூரை, மார்கழியிலிருந்து வைகாசி வரையுள்ள யாத்திரைப் பருவத்தில் மட்டுமே நாடு நினைவுகூர்கின்றது. எஞ்சிய மாதங்களில் மழையும் மூடுபனியும் தேயிலையுமே அங்கு உண்டு. அங்குள்ள தோட்ட இளைஞர் சிலர் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஒரு மழைக்கால மாலை ‘காஞ்சனை’யை உரக்க வாசித்தோம். கதை முடிந்ததும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பேய் உண்டா இல்லையா என்ற வழக்கமான விவாதம் எழும் என்றே நாம் எதிர்பார்த்து, அதற்குரிய பகுத்தறிவு விடைகளையும் ஆயத்தமாக வைத்திருந்தோம். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் கேட்ட கேள்வியோ வேறு. “அந்தப் புள்ளைக்குச் சம்பளம் பேசினாங்களா, தம்பி?”

அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. கதையை மீண்டும் புரட்டிப் பார்த்தோம். எழுத்தாளன் ஒருவன் தன் மனைவியோடு வாழும் வீட்டிற்குப் பிச்சைகேட்டு ஒருத்தி வருகின்றாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்காரியாக அமர்த்திக்கொள்கின்றாள். இரவில் வீட்டினுள் நறுமணமும் பிணம் எரியும் நாற்றமும் மாறிமாறி வீசுகின்றன. வந்தவள் மனைவிக்குக் காஞ்சனை என்பவளின் கதையைச் சொல்கின்றாள். கணவனின் மனம் நடுங்குகின்றது. இறுதியில் மந்திரச் சாம்பலின் துணையால் ஆபத்து விலகுகின்றது, அல்லது விலகியதுபோலத் தோன்றுகின்றது. இவ்வளவையும் நாம் பலமுறை படித்திருந்தோம், மாணவருக்குப் படிப்பித்தும் இருந்தோம். கதை முழுவதும் எழுத்தாளனின் கண்ணால் மட்டுமே காணப்படுகின்றது என்பதை உத்தி என்ற தலைப்பின் கீழ்ப் பாராட்டியிருந்தோமேயன்றி, அக்கண் யாருடைய கண் என்று கேட்டதில்லை. அது வீட்டுடைமையாளனின் கண். அவனுக்கு அச்சமூட்டுவது தெருவிலிருந்து உள்ளே வந்து, தன் அடுக்களையில் நின்று, தன் மனைவியோடு நெருங்கிப் பேசும் பெயரற்ற ஏழைப் பெண். அவளை உழைப்புக்கு அழைக்கின்றவர்களே அவளுடைய இருப்பைக் கண்டு அஞ்சுகின்றனர். மத்தியதர வர்க்கக் குடும்பம் தன் வீட்டு வேலைக்காரர் மீது கொண்டுள்ள, வாய்விட்டுச் சொல்ல இயலாத குற்ற உணர்வும் ஐயமும் இங்கு பேயுருக் கொள்கின்றன.

நல்லதண்ணியின் வாசகர் இதனை எமக்கு முன்னரே கண்டுகொண்டமைக்குக் காரணம் உண்டு. தோட்டத்துச் சிறுமியரைக் கொழும்பிலும் பிற நகரங்களிலும் உள்ள வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புதல் மலையகத்தில் பல தலைமுறைகளாக நிகழ்ந்துவருவது. சென்றவர் எல்லோரும் திரும்பியதில்லை. மலையகச் சிறுமியொருத்தி தான் வேலைக்கிருந்த கொழும்பு வீட்டில் தீக்காயங்களுக்கு உள்ளாகி 2021 இல் உயிரிழந்தமை நாடறிந்த செய்தி. பிணம் எரியும் நாற்றம் என்ற சொற்றொடரைப் படிக்கையில் அறையில் நிலவிய அமைதியின் பொருள் எமக்குப் பின்னரே விளங்கியது. அங்கிருந்தோர் வேலைக்காரியின் பக்கம் நின்று கதையைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இதனால் ‘காஞ்சனை’ குறையற்ற கதை என்று கூற வருகின்றோம் அல்லோம். நறுமணமும் நாற்றமும் மாறிவருதல், நள்ளிரவு விழிப்பு, மந்திரச் சாம்பல் ஆகியன ஆங்கிலப் பேய்க்கதைகளிலிருந்தும் நாட்டார் கதைகளிலிருந்தும் அள்ளியெடுத்த ஆயத்தப் பொருட்கள். அவை கதையின் பின்பாதியில் குவிந்து, முன்பாதி மிகச் சிக்கனமாக எழுப்பிய ஐயத்தை மூடிவிடுகின்றன. காஞ்சனை பற்றிய உட்கதையும் வேலைக்காரியின் வாழ்விலிருந்து முளைக்காமல் புராண அலங்காரமாக ஒட்டிநிற்கின்றது. அவள் ஏன் பிச்சைக்கு வந்தாள் என்பதை ஆசிரியர் அறிய விரும்பவில்லை. அறிந்திருப்பின் பேய் தேவைப்பட்டிராது என்று கூறினால் அது வறட்டுவாதம். பேயும் இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு ஊரும் உறவும் இருந்திருக்கும்.

ஊரும் உறவும் உள்ள பேய்கள் எவ்வாறிருக்கும் என்பதை அறிவதற்குத் தோட்டத்தைவிட ஏற்ற இடம் வேறில்லை. மலையகத் தொழிலாளர் தமிழகத்திலிருந்து மாடனையும் முனியையும் உடன் கொண்டுவந்தனர். ஆயினும் இங்கு அத்தெய்வங்கள் புதிய தொழில்களை ஏற்றன. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி எந்நேரமும் கையையோ காலையோ தவறிப் பதம்பார்க்கலாம். அங்கே கவ்வாத்துச்சாமி தோன்றினார். தொழிற்சாலையின் பெருஞ்சக்கரம் மனித உறுப்பை விழுங்கவல்லது. அச்சக்கரத்துக்கு ரோதைமுனி உரியவரானார். ரோதை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ஒரு சமூகம் ஐரோப்பிய மொழிச் சொல்லொன்றைத் தன் முனிக்குப் பெயராக இடுமாயின், அதனைப் பழமையின் எச்சம் என்று மட்டும் விளக்குதல் போதாது. காலனித்துவ உற்பத்தி முறை புதிதாக உருவாக்கிய ஆபத்தை, கையிலிருந்த பழைய மொழியில் அச்சமூகம் பெயரிட்டு அறிந்துகொண்டது. அச்சத்தின் முகவரி அங்கு தெளிவாகவே உள்ளது: இன்ன மலை, இன்ன கத்தி, இன்ன சக்கரம்.

இது மூடநம்பிக்கைக்கு வக்காலத்து அன்றோ என நண்பர் சிலர் வினவக்கூடும். சேவல் அறுப்பதனால் சக்கரத்துக்குப் பாதுகாப்புக் கவசம் வந்துவிடாது. ரோதைமுனியின் கோபமே விபத்துக்குக் காரணம் என்று தொழிலாளர் நம்பும்வரை இழப்பீடு கொடுக்கும் கடப்பாடு துரையின் கணக்கில் ஏறாது. இவற்றை மறுப்பவர் எவருமில்லை. ஆயினும் ஒரு நம்பிக்கை பொய் என்பதும், அது எதைப் பற்றிய நம்பிக்கை என்பதும் இரு வேறு வினாக்கள். மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் பாகத்திலேயே மூலதனத்தை இரத்தம் உறிஞ்சும் பேயாக உருவகித்தார். உயிருள்ள உழைப்பைக் குடித்து இறந்த உழைப்பு வாழ்வதைக் கூறுவதற்கு அவருக்கும் பேயின் உருவம் தேவைப்பட்டது. அவரைப் பேய்நம்பிக்கையாளர் என்று எவரும் கூறியதில்லை.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு தொகுதியை மீண்டும் நோக்குமிடத்து, அதன் ஏற்றத்தாழ்வு ஓர் ஒழுங்குடையதாகத் தெரிகின்றது. அச்சத்துக்கும் துயருக்கும் முகவரி கிடைக்கும் கதைகளில் புதுமைப்பித்தனின் நடை இறுகி, சொல் குறைந்து, அங்கதம்கூட வலியாகின்றது. முகவரி அற்ற இடங்களில் அவர் தத்துவம் பேசத் தொடங்குகின்றார். ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘மனக்குகை ஓவியங்கள்’ ஆகிய முன்னைய ஆக்கங்களிலே இப்பலவீனம் அப்பட்டமாகத் தெரியும். அவற்றில் இருளும் குகையும் நித்தியமும் நிறைய உண்டு, மனிதர் இல்லை. வடமொழிச் சொற்கள் தடித்துத் திரண்டு மர்மத்தின் வேலையைச் செய்ய முயல்கின்றன.

தொகுதியின் சிகரம் எமது கருத்தில் ‘செல்லம்மாள்’. பேயே இல்லாத இக்கதை பேய்க்கதைகள் யாவற்றிலும் அமானுஷ்யமானது. சென்னையில் ஜவுளிக் கடையொன்றில் ஊழியம் செய்யும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி இரவில் இறந்துவிடுகின்றாள். கதை அந்த மரணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்கின்றது. பல ஆண்டு நோய், கடையில் நாள் முழுவதும் நிற்கும் வேலை, முதலாளியின் தயவை எதிர்பார்த்து நிற்கும் சம்பளம், ஊருக்குப் போகவேண்டும் என்று அவள் படும் ஏக்கம், கடையிலிருந்து அவளுக்குக் காட்டுவதற்கென அவர் கொண்டுவரும் சேலை. பின்னர் மறுபடியும் அந்த இரவு: ஒரு மனிதர், ஒரு விளக்கு, ஒரு சடலம். அவர் அழவில்லை. துக்கத்தோடு சேர்ந்து ஒருவித விடுதலையும் அவர் மனத்தில் இறங்குகின்றது. வாசகனைத் திடுக்கிட வைப்பது அவ்விடுதலையே. அன்புள்ள கணவன் ஒருவனுக்கு மனைவியின் மரணம் ஆறுதலாக வருமாயின் அவனை அந்நிலைக்குக் கொண்டுவந்தது எது? ஆசிரியர் விடை கூறவில்லை. கடை, வாடகை, மருந்து, தூரம் என்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றார்.

இக்கதையை நல்லதண்ணியில் வாசித்தபோது எம்மவர் அடிக்கடி நிறுத்தச் சொன்ன இடங்கள் சடலம் பற்றியவை அல்ல, விடுமுறை பற்றியவை. வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் மனிதனின் மனம் எங்கே இருக்கும் என்பது அவர்களுக்கு விளக்கப்பட வேண்டிய செய்தியன்று. தோட்டத்தில் பிரட்டுக்குப் பிந்தினாலும் கொழுந்து நிறுவையில் எடை குறைந்தாலும் அரைப்பேர் விழும். அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி. அரைப்பேர் தொடர்ந்தால் கடைக்கணக்கு ஏறும். பழைய நாட்களில் பத்துச்சீட்டுக் கொடுக்கப்பட்டால் வேலையோடு லயத்துக் காம்பிராவும் போய்விடும். வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும்போது அச்சம் இரவில் மட்டும் வருவதில்லை. பிரமநாயகம் பிள்ளை நகரத்துச் சைவ வேளாளர், தோட்டத் தொழிலாளி அல்லர். சாதியாலும் தொழிலாலும் அவருக்கும் லயத்தில் வாழ்வோருக்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று. எனினும் மூலதனத்துக்கு முன் கைகட்டி நிற்கும் நேரத்தில் அவருடைய அச்சத்தை அவர்கள் தம்முடையதாக இனங்கண்டனர்.

‘மகாமசானம்’ பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. மவுண்ட் ரோட்டு நடைபாதையில் பிச்சைக்காரர் ஒருவர் இறந்துகொண்டிருக்கின்றார். நகரம் நடந்துகொண்டிருக்கின்றது. மாம்பழம் வாங்கச் சென்ற தந்தைக்காகக் காத்திருக்கும் குழந்தை மட்டும் அச்சாவை வேடிக்கை பார்க்கின்றது. தலைப்பே நகரத்தைப் பெருஞ்சுடலை என்று கூறிவிட்ட பின்னும் தொடக்கத்தில் நாகரிகம் பற்றி ஆசிரியர் ஆற்றும் சிறு பிரசங்கம் மிகை. குழந்தை வந்ததும் அவர் வாயடைத்துப்போகின்றார், கதை பிழைக்கின்றது.

‘சாபவிமோசனம்’ வேறு வகையானது. அகலிகை மீண்டும் கல்லாகும் அக்கதை குறித்து இராமாயண அன்பர் கொண்ட சினமும், பெண்ணுரிமை நோக்கில் எழுந்த பாராட்டும் பலரும் அறிந்தவை. எமது நோக்கில் அதுவும் ஓர் அச்சக் கதையே. மன்னிக்கப்பட்ட பின்னும் பார்வைகளால் நாள்தோறும் விசாரிக்கப்படும் பெண்ணின் அச்சம் அது. சீதை தீக்குளித்த செய்தி காதில் விழும் கணத்தில் உடல் இறுகுவதை இயற்கைக்கு அப்பாற்பட்டதாக நாம் உணர்வதில்லை. அதுவரை வந்த நிகழ்ச்சிகள் அவளை ஏற்கனவே பாதி கல்லாக்கிவிட்டன. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இவற்றின் நடுவே விடுமுறை நாள் போல வருகின்றது. சென்னைத் தெருவில் வந்திறங்கிய கடவுளையே வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுட் சந்தாதாரராக்கிவிடும் பிள்ளையவர்களைக் கண்டு அன்று எல்லோரும் சிரித்தோம். அக்கதையைக் கோட்பாட்டுக்குள் இழுத்துவர எமக்கு விருப்பமில்லை.

இனி, இவ்விடத்தில் தவிர்க்கவியலாத ஒப்பீடு ஒன்றுண்டு. தேயிலைத் தோட்டத்தைப் பற்றியே புதுமைப்பித்தன் எழுதியிருக்கின்றார். ‘மணிக்கொடி’யில் 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘துன்பக்கேணி’ திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வரும் மருதியின் கதை. வாசவன்பட்டியில் சாதியும் பசியும் அவளைத் துரத்துகின்றன. தோட்டத்தில் வெள்ளை அதிகாரம் அவள் உடலைச் சூறையாடி நோயைக் கொடுக்கின்றது. இந்தியா 1939 இல் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்வதற்கு முன்னர், கங்காணிமார் ஆட்சேர்ப்பு நடைமுறையில் இருந்தபோதே, அவ்வாட்கடத்தலின் குரூரத்தைத் தமிழகத்து வாசகர் முன் வைத்த துணிவு போற்றத்தக்கது. முற்போக்கு விமரிசகர் பலரும் ‘காஞ்சனை’யைக் கழித்துத் ‘துன்பக்கேணி’யைக் கூட்டிக்கொண்டமை இயல்பே. நாமும் அக்கணக்கையே போட்டிருந்தோம்.

ஆனால் நல்லதண்ணியில் ‘துன்பக்கேணி’ தோற்றது. கதையின் முற்பகுதியில் கிராமம் உயிர்த்துடிப்போடு இருக்கின்றது. தெருவும் பேச்சும் பகையும் அவர் அறிந்தவை. கப்பலேறிய பின் எல்லாம் மங்கலாகின்றன. அங்கே தேயிலை உண்டு, கொழுந்து பறித்தல் இல்லை. துரை உண்டு, பிரட்டுக்களம் இல்லை. துன்பம் நிறைய உண்டு, ஆனால் அது எந்நேரத்தில் எந்த வழியால் வருகின்றது என்பது இல்லை. “இது நம்ம தோட்டம் இல்லைங்க, அங்க இருக்கிறவங்க நெனச்ச தோட்டம்” என்றார் வட்டத்து இளைஞர் ஒருவர். மருதிக்கு நேர்ந்த அநீதி உண்மையானது. ஆயினும் கதையின் துயர் கேள்விப்பட்ட துயராகவே நின்றுவிடுகின்றது. சரியான விடயமும் சரியான கோபமும் சேர்ந்தும், உழைப்பின் நுணுக்கம் இன்மையால் கதை ஒழுகிப்போகின்றது. மறுபுறம், விடயத்தால் பிற்போக்கு எனக் கருதப்பட்ட வேலைக்காரிப் பேயின் கதையிலும் ஜவுளிக் கடைக்காரரின் பிணக் கதையிலும் இதே மக்கள் தம்மைக் கண்டனர். எதைப் பற்றியது கதை என்பதைக்கொண்டு தரம் பிரிக்கும் எமது வழக்கம் இவ்விடத்தில் உடைந்துபோகின்றது. அச்சம் யாரிடமிருந்து யாருக்கு வருகின்றது என்பதை அறிந்து எழுதப்பட்டதா என்ற வினா உடையவில்லை.

மலையகத்தின் சொந்த எழுத்தாளர் இவ்வறிவோடு எழுதியவர்கள். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ ஆகியவற்றில் மலையும் நிறுவையும் கணக்கப்பிள்ளையும் பெயர்களாக அன்றி உறவுகளாக வருகின்றனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தமும் ஒரு மக்களை நாடற்றவராக்கி, குடும்பங்களைப் பிரித்து, பாதி உறவைக் கடலுக்கு அப்பால் அனுப்பியதை அவர்களின் தலைமுறை வாழ்ந்து கண்டது. ஆயினும் ஒன்று கூறவேண்டும். யதார்த்தவாதம் என்ற பெயரில் நாம் அவர்களிடம் எதிர்பார்த்ததும் பாராட்டியதும் போராட்டக் கதையையே. லயத்தில் இரவில் சொல்லப்படும் கதைகளை, முனியின் கதையை, போனவர் திரும்பி வந்து கதவைத் தட்டிய கதையை எழுதுமாறு எந்த விமரிசகனும் எந்த மலையக எழுத்தாளனையும் கேட்டதில்லை. எழுதி வந்திருந்தால் ‘நம்பிக்கை வறட்சி’ என்று திருப்பி அனுப்பியிருப்போம். எம்மால் எழுதப்படாமற்போன கதைகள் எத்தனையோ என்ற எண்ணம் இக்கட்டுரையை எழுதும்போது எம்மை விட்டகலவில்லை.

நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் செல்கின்றது. 1960களின் பிற்பகுதியில் அந்நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து வெளிப்படும். அவற்றைப் பார்க்கப் பேருந்துகளில் கூட்டம் வரும், படமெடுக்கும், பேய்நகரம் என்று வியக்கும். தோட்டத்து முதியவரோ அதே இடத்தில் நின்று, இங்கேதான் சம்பளத்தன்று சாமான் வாங்கிய கடை, இங்கேதான் பேருந்துக்கு நின்ற இடம் என்று விரலால் சுட்டுவர்.

வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு எந்தக் கதை என்று கேட்டோம். மூதாட்டி ‘காஞ்சனை’யையே மறுபடி வாசிக்கச் சொன்னார். இம்முறை வேலைக்காரி பேசும் இடங்களை மட்டும் வாசித்தாற் போதுமாம். புத்தகத்தை எடுத்துக் குறித்துப் பார்த்தோம். மிகச் சில வரிகளே தேறின.